ஜெபராஜ் சாரின் காணொளி வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிப் பேருந்து தோவாளையைத் தாண்டும்போது அலைபேசியில் செய்தி வந்தது. ஓய்வுபெற்று ஆறு மாதம்கூட ஆகாத ஜெபராஜ் சார் மாரடைப்பில் போய்விட்டார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இயந்திரவியல் துறையில் பதினோரு வருடம் அவரோடு பணியாற்றியவள் நான். அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் அஞ்சலி எழுத முடியாது.

கொரோனாவுக்குப் பின் திரும்பிய மாணவர்களால் ஐம்பது நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒருநாள் அவர் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், யாரும் குறிப்பெடுக்கவில்லை. வகுப்பு முழுக்கப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் அறைக்கு வந்து, "லதா, நாம பாடம் நடத்தல. போட்டோவுக்கு நிக்கோம்" என்றார். கோபப்படவில்லை. "பிள்ளைகள் மாறியாச்சு. இனி நாமதான் மாறணும்."

இருவருமாக மாறினோம். மாலைகளில் ஆய்வகத்தில், இரைச்சல் விழாதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பத்து நிமிடக் காணொளிகள் எடுத்தோம். நான் பம்பைக் கழற்றிக் காட்டி விளக்குவேன், அவர் படம்பிடிப்பார். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் நான்கு நான்கு பேராகக் கணக்குப் போட்டார்கள். அதுவரை வாய் திறக்காத சின்னமுட்டத்துப் பெண் ஒருத்தி, அப்பாவின் படகு எஞ்சினைக் கடல்நீர் எப்படிக் குளிர்விக்கிறது என்று பலகையில் வரைந்தாள். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதை நோட்டில் வரைந்துகொண்டார். அன்று அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு பெரிது.

முதல் உள்தேர்வில் பாதிப் பேர் தோற்றார்கள். "அங்க பாடமே எடுக்கதில்லயாம்" என்று பெற்றோர் முதல்வரிடம் போனார்கள். கூட்டத்தில் முதல்வர் விளக்கம் கேட்டதும் ஜெபராஜ் சார் எழுந்தார்.

"அது லதாவுக்க யோசனை சார். நான் அப்பமே வேண்டாம்னு சொன்னேன்."

அந்தப் பாடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் அவரை நிறுத்தி, "ஏன் சார்?" என்றேன்.

"எனக்கு ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான் கிடக்கு. உனக்கு வயசிருக்கு, தாங்கிக்கிடுவ."

அடுத்த வருடம் நிர்வாகமே புது முறைகளைத் தேடியது. அதே காணொளிகளோடு அவர் மேடையேறி, சிறந்த ஆசிரியர் விருது வாங்கினார். என் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலைச் சேர்த்திருந்தார். திரையில் பம்பைக் கழற்றிய கைகள் என்னுடையவை. ஐந்தாவது வரிசையிலிருந்து நானும் கைதட்டினேன்.

அடக்கத்தன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பத்திச் சொல்லாத நாளில்ல மக்கா" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது பேசும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்து நிற்பது அவர் பழக்கம். அவரைப் பார்த்து அது எனக்கும் வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டதாக நானும் இங்கே எழுத மாட்டேன்.