மூன்று கிலோ பிரமிடும் இருபது லிட்டர் கேனும்

இன்று காலை உடற்பயிற்சி செய்யத் திறந்த வீடியோவின் தலைப்பு, 'வீட்டிலேயே பிரமிட் வெயிட் டிரெய்னிங்'. ஒவ்வொரு செட்டுக்கும் எடையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பிரமிட். மாஸ்டர் ஒரு கிலோவில் தொடங்கி, மூன்றில் நிறுத்திவிட்டு, "சிஸ்டர்ஸ், உங்களுக்கு இது போதும்" என்றார்.

மூன்று கிலோவா? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாங்கிய சீலா மீனே அதைவிடக் கனம்.

'மாஸ்டர், நல்ல கனமான பிரமிட் போடுங்க. எங்கிட்ட பத்து கிலோ டம்பெல் சும்மா கிடக்கு' என்று கமெண்ட் போட்டேன்.

உடனே பதில் வந்தது: 'வேண்டாம் சிஸ்டர், கை ஆம்பளைக் கை மாதிரி ஆயிடும்.'

கொதிப்போடு வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"அவரு சரியாத்தான சொல்லுதாரு. பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு பாரம்?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வண்டியின் ஹாரன் கேட்டது. இருபது லிட்டர் கேனைக் கீழே வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி.

வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழவில்லை. "ஏளா, கேன் வந்துட்டு. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, நீ போய்த் தூக்கிட்டு வந்திரு."

தூக்கிக்கொண்டு படியேறினேன். என் கை என்ன ஆகும் என்று இப்போது யாரும் கவலைப்படவில்லை.

உங்கள் வீட்டில் கேன் தூக்குவது யார் கை? கீழே சொல்லுங்கள். மாஸ்டரும் சொல்லலாம்.