கிராதி ஒட்டிய கூண்டு

ஜன்னல் கம்பி ஒட்டியே பாதி ஆயுளைக் கழித்ததால் அவனுக்குக் கிராதி என்று பேர். பக்கத்து ஷெட்டில் சீட் தைக்கிற எனக்கு அவனுடைய வெல்டிங் இரைச்சல்தான் ரேடியோ. வாய்த்துடுக்கு உண்டு, கைவேலையில் குற்றம் சொல்ல முடியாது. மனைவி மக்கள் கிடையாது. சொந்தம் என்றால் ஒரே தங்கச்சி. அவள் ரேஸ் கார் ஓட்டுகிறவள்.

போன வருஷம் அவள் கார் உருண்டு, கூரை நசுங்கி, தோளெலும்பு முறிந்தது. இந்தப் பந்தயத்தில் ஓட்டாவிட்டால் அவள் இடம் வேறு ஆளுக்கு என்று டீம் முதலாளி சொல்லிவிட்டார். உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே குழாய்க் கூண்டு ஒட்டினால்தான் பந்தயத்தில் வண்டியை விடுவார்கள். "வேற எவன் கையும் அதுல படக்கூடாது" என்று கிராதி தானே இறங்கினான்.

சக்கரங்களைக் கழற்றி, வண்டியை வயிற்றுப் பக்கம் நாலு ஸ்டாண்டில் ஏற்றினான். நுழைய இடைஞ்சல் என்று கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்தான். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. கேட் ஒட்டிப் பழகினவனுக்கு அது போதும். ஆனால் கேட் தரையில் படுத்துக் கிடக்கும், இந்த வண்டியிலோ எஞ்சின் மொத்தமும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்கு கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து இறங்கியிருக்க, அதே கோணலில் கூண்டை ஒட்டி முடித்துவிட்டான். சக்கரம் இருக்கிற இடங்களில் முட்டுக் கொடுத்து, ரோட்டில் நிற்கிற மாதிரியே நிறுத்திவிட்டு ஒட்டியிருக்க வேண்டும். என்னத்தைச் சொல்ல.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சக்கரங்களைப் பூட்டி, வண்டியை இறக்கிக் கதவை மாட்டினான். கதவு சாத்திக்கொள்ளவில்லை. கீலை இளக்கி, முடுக்கி, தோளால் முட்டிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தங்கச்சி ஹெல்மெட்டோடு வந்தாள்.

"கொக்கியத் தேச்சு விடுண்ணே, சாத்திக்கும். செக் பண்றவங்க குழாயத்தான் பாப்பாங்க."

"கதவு பிரச்சன இல்லம்மா. பாடியே வளைஞ்சு நிக்குது. கூண்டு அத நிமிர விடாது."

"ஓடுமா ஓடாதா?"

"ஓடும். வளைவுல எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியாது. உருண்டா எந்த ஒட்டு முதல்ல விடும்னும் தெரியாது."

"ஓட்டப் போறது நான்தான? அண்ணே, இதுவும் போச்சுன்னா எனக்குன்னு ஒண்ணும் இல்ல. உன் கால்ல விழறேன்."

நிஜமாகவே குனிந்தாள். அவன் கட்டிங் மெஷினை எடுத்தான். அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அவளப் பிடிய்யா" என்றான் என்னிடம். பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்தே விட்டாள்.

கதவோரம் கீழே போகிற குழாயில் பிளேடு முக்கால்வாசி இறங்கியதும் பட்டென்று வெடித்த மாதிரி ஒரு சத்தம். மிச்சம் தானாகவே அறுந்து குழாய் வாய் பிளந்தது. இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் போகும். அவள் திமிறுவதை நிறுத்தினாள். குழாய்க்குள் அடைபட்டிருந்த அந்த இழுப்பை விலாவோரம் வைத்துக்கொண்டுதான் ஓட்டப் போயிருப்பாள்.

மற்ற குழாய்களையும் ஒவ்வொன்றாக அறுத்தான். முடிந்ததும் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"முதலாளிக்கு நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிருண்ணே. எனக்கு வாய் வரல."

ஒற்றை விரலால் கதவை இழுத்தாள். சாத்திக்கொண்டது. கிராதி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றான். உள்ளே தோள்கள் குலுங்கின. கதவு அவ்வளவு கச்சிதமாகச் சாத்தியிருந்ததால் அவள் அழுத சத்தம் வெளியே கேட்கவில்லை.