தலைச்சன் ஓடும் சிவப்பு நூலும்

ஓட்டு அச்சுகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு மழை நாளில் நிம்மதி கிடையாது. மாத்தளையில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அது என் பெயரைச் சொல்லித்தான் ஒழுகுவதாக எனக்குத் தோன்றும்.

பலாபத்வலைக்குக் கிட்ட இருக்கிற ஓட்டுச் சூளையில் அச்சுக் கொட்டில் என் பொறுப்பு. அந்த அச்சுகளைப் பலா மரத்தில் குடைந்து செய்தவர் என் வீட்டுக்காரர். அவர் காலமான பிறகு, செய்த கை போனாலும் பார்க்கிற கண்ணாவது இருக்கட்டும் என்று சூளை மொதலாளி என்னைக் கொட்டிலில் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. காலையில் அச்சுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்ப வாங்கி, தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவி, எண்ணெய் போட்டு, எது தேய்ந்தது, எது வெடித்தது என்று பார்க்க வேண்டும். நம்மிடம் நல்லபடியாக வாங்கிப்போன பொருளைக் கெடுத்துக் கொண்டுவந்து, கெடுத்தவனே நம்மை முறைத்துப் பார்ப்பானே, அந்தக் கஷ்டம் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்வெட்டி இரவல் கொடுத்தவர்கள், அண்டா இரவல் கொடுத்தவர்கள், குடை இரவல் கொடுத்தவர்கள் எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள்.

சுவரைப் பார்த்தால் சீக்கு

நான் பள்ளிக்கூடத்தை விட்டது சின்ன வயதில். எழுதி வைத்துத் தேடுவதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் எனக்குச் சுலபம். அதனால் அச்சுகளைச் சுவரில் தொங்கவிடும் விதத்திலேயே அவற்றின் நிலைமையைச் சொல்லிவிடுவேன். முகம் வெளியே பார்த்தால் அச்சு நல்ல சுகம். முகம் சுவரைப் பார்த்தால் சீக்கு, தச்சன் கை படவேண்டும். சிவப்பு நூல் கட்டியிருந்தால் செத்துவிட்டது, யாரும் தொடக்கூடாது.

சாவை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு அச்சிலும் முதன்முதலில் தட்டிச் சுட்ட ஓட்டை அதற்கு நேர் கீழே பலகையில் வைத்திருப்பேன். அதுதான் தலைச்சன். பிறகு சூளையிலிருந்து வருகிற ஓடுகளில் ஒன்றை எடுத்துத் தலைச்சனோடு சேர்த்துப் பார்ப்பேன். ஓட்டின் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடும், அடுத்த ஓடு அதன்மேல் கவிழ்ந்து உட்காரும். பின்பக்கத்தில் சட்டத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காது இருக்கும். அச்சு தேயத் தேய வரப்பு தாழும், காது மழுங்கும். வரப்பு தாழ்ந்தால் மழை உள்ளே வரும், காது மழுங்கினால் ஓடு சரியும். அவ்வளவுதான் என் சாத்திரம்.

ஓடு தட்டுகிறவர்களில் பண்டா நல்ல வேலைக்காரன், ஆனால் மத்தியானத்தில் அச்சைத் தலைக்கு வைத்துப் படுப்பான். ஒரு நாள் நான் போய் அவன் தலைக்குக் கீழேயிருந்து அச்சை வெடுக்கென்று உருவினேன். தலை தரையில் மோதியது. அவன் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அனே அக்கே, என் தலை பட்டு அச்சு தேயுதுன்னு கத்துறீங்க, அச்சு பட்டு என் தலை தேயுதே, அதுக்கு எந்தக் கலர் நூல் கட்டுவீங்க?"

காது வைத்த தொதல்

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்தி மொதலாளி வீட்டம்மா ஆள் அனுப்பினார். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டின தொதலை ஊற்றி ஆறவைக்க அகலமான தட்டு போதவில்லையாம், ஒரு ஓட்டு அச்சு வேண்டுமாம். மொதலாளி வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? நல்ல சுகத்தோடு இருந்த ஒன்றைக் கொடுத்தேன். வாழை இலை போட்டு ஊற்றுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள் என்று வந்த ஆளிடம் மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். அவன் ஒன்றையும் அங்கே சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

தொதலில் எங்களுக்கும் பங்கு வந்தது. ஓரத்தில் வரப்பு, பின்னால் காது, அசல் கூரை ஓடு மாதிரியே கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அச்சும் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு படை எறும்பும் வந்தது. தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் ஊறிப்போய், களிமண் அதில் ஒட்டாமல் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வேலை சுலபமானதைப் பார்த்த மற்றவர்கள் தங்கள் அச்சுக்கும் தொதல் கிண்டச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எறும்பு போவதற்காக நான் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றுபோனது. அடுத்த முறை அந்தம்மாவைக் கண்டபோது என் முகம் எப்படி இருந்ததோ, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இம்புட்டுக் கோவம் வாணாம் மீனாச்சி, எங்கட வீட்டுல நான் சொல்றது ஒருத்தருட காதுலயும் ஏறல்ல, தொதலுக்காவது ஒரு காது ஈக்கட்டுமே!"

லயத்துக்குத்தானே

இனி நான் சிரிக்காமல் சொல்ல வேண்டிய கதை. யட்டவத்தப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே தோட்டக் கூலிச் சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களின் புல்லுக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடத் துரை ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு ஏற்றியாக வேண்டும். நல்ல அச்சுகளெல்லாம் அப்போது டவுன் கடைக்காரர்களின் ஓட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் சூளையின் கணக்கப்பிள்ளை கொட்டிலுக்கு வந்து, சிவப்பு நூல் கட்டித் தொங்கிய நாலு அச்சுகளையும் குடை நுனியால் காட்டி, "அத எறக்கு" என்றார்.

"அதெல்லாம் செத்தது ஐயா."

"லயத்துக்குத்தானே."

நான் பிறந்தது லயத்தில். மழை இறங்கினால் சட்டி பானையெல்லாம் தரைக்கு வந்துவிடும், சமைக்க ஒன்று மிஞ்சாது. நாங்கள் மூலையில் உட்கார்ந்து எந்தச் சட்டி முதலில் நிறைகிறது என்று பார்ப்போம். அந்தத் தோட்டத்தில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு சொல் எனக்கு எங்கேயோ போய்ச் சுட்டது. "லயத்துல பெய்யிற மழை வேற மழையா ஐயா?" என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார்: "இத்தன காலம் புல்லுக்குள்ளால ஒழுகிச்சு, இனி ஓட்டுக்குள்ளால ஒழுகும், அதுவும் ஒரு முன்னேற்றந்தானே மீனாச்சி?"

கங்காணியாரின் தலைப்பாகை

அந்த வாரமே தோட்டத்துப் பெரிய கங்காணி ஓடு பார்க்க வந்தார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. நம்ம சனத்து ஆள், இவரிடம் சொன்னால் போதும் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "லயத்துக்குத்தானே, ஏதாச்சும் பாத்துக் குடுங்க" என்றார். கணக்கப்பிள்ளை சொன்னபோது வந்தது கோபம். இவர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முற்றத்தில் நாலு கம்பு நட்டு ஒரு சின்னக் கூரை வைத்திருக்கிறோம். செத்த அச்சுகளில் கடைசியாகத் தட்டின ஓடுகளை அதன்மேல் அடுக்கினேன். கீழே ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, "வெயிலா இருக்கு, இப்படி நெழலுக்கு வாங்க கங்காணியாரே" என்றேன். மரியாதை என்று நினைத்து வந்து உட்கார்ந்தார். பண்டாவிடம் குடத்தைக் காட்டினேன். அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான். சரி என்று நானே செங்கல் அடுக்கின்மேல் ஏறிக் குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் வரப்பை ஒரு தாண்டு தாண்டி நேரே சரிகையில் இறங்கியது. கணக்கப்பிள்ளை ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். கங்காணியார் மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றிப் பிழிந்தார். நான் குடத்தோடு மேலேயே நின்றேன், இறங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொம்பள எந்த அச்சக் காட்டுதோ அதுலயே ஓடு போடுங்கய்யா, மறுபடியும் என்ன வந்து ஒக்காரச் சொல்லாதீங்க!"

வீடு தேடிய குளவி

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு காய்ச்சல் வந்து சில நாள் படுத்துக்கொண்டேன். திரும்பி வந்து கொட்டிலைத் திறந்தால், சிவப்பு நூல் ஒன்றையும் காணவில்லை. நாலு அச்சுகளும் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு, ஈரக் களிமண் வாசனையோடு, புது மாப்பிள்ளை மாதிரித் தொங்கின. கங்காணியாரை நனைத்த அதே ஓடுகளை எடுத்துப் பலகையிலிருந்த தலைச்சன்களோடு சேர்த்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தின. கண் மங்கிவிட்டதா? நல்ல அச்சுகளையா கொன்றேன்? அப்படியானால் ஊரார் முன்னால் அந்த மனிதர் தலையில் ஏன் தண்ணீர் ஊற்றினேன்?

அப்போதுதான் ஒரு குளவியைக் கண்டேன். தலைச்சன் ஓடு ஒன்றின் அடிப்பக்கத்தில் அது முன்பே மண்கூடு கட்டியிருந்தது, நானும் கலைக்காமல் விட்டிருந்தேன். இப்போது பலகையில் இருந்த ஓட்டின் அடியில் கூடும் இல்லை, கூடு இருந்த தடமும் இல்லை. குளவி மட்டும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது. கொட்டிலுக்குப் பின்னால் உடைந்த ஓட்டுக் குவியலைக் கிளறினேன். என் தலைச்சன்கள் நாலும் அங்கே கிடந்தன, ஒன்றின் அடியில் மண்கூடும் இருந்தது. தலைச்சனை எறிந்துவிட்டு, செத்த அச்சில் தட்டின ஓட்டையே தலைச்சன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். கூட்டோடு அந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்தேன். அவர் குனிந்து கூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நூல அறுத்தேன், ஓட்ட மாத்தினேன், எல்லாம் சரி, இந்தச் சனியன் குடியிருக்கிறத யாரு எனக்குச் சொன்னது?"

சூளை வாய்

செத்த அச்சு சுவரில் இருக்கும்வரை யாராவது அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். இது எனக்கு அன்று புரிந்தது. சூளையில் தீ எரிந்துகொண்டிருந்தது. நாலையும் தோளில் சுமந்துபோய்ச் சூளை வாய்க்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். என் வீட்டுக்காரரின் உளி நடந்த மரம், எண்ணெய் குடித்த மரம், சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். கணக்கப்பிள்ளை ஓடி வந்து, "மொதலாளி சொத்துல நெருப்பு வைக்கிறியா? நாளைக்கு இந்த வாசல மிதிக்காத!" என்று கத்தினார். கொட்டில் சாவியை இடுப்பிலிருந்து உருவி அவர் கையில் வைத்தேன். "இந்தாங்க. செத்தத உயிரோட இருக்குன்னு தொங்கவிட என்னால முடியாது."

மொதலாளி தொழுதுவிட்டு அந்த வழியாக வந்தார். கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். சூளை வாயை விட்டு நான் நகரவில்லை.

"அப்ப லயத்து ஓட்ட எதுல தட்டுற?" என்று மொதலாளி கேட்டார்.

"வெளிய பாத்துத் தொங்குறதுல மொதலாளி. டவுன் கடைக்காரங்க காத்திருக்கட்டும். அவங்க தலைக்கு மேல இப்பவும் ஒரு கூரை இருக்கு."

"நீ படுத்திருந்த நேரம் செத்த அச்சுல தட்டினது?"

"அது காயுது. என்ன செய்யிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த சாவியை வாங்கி என்னிடம் நீட்டிவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னார்: "காயிறதச் சுட்டு ஒங்கட ஆபீஸ் கூரைக்குப் போடுங்க கணக்கப்பிள்ள, இப்ப நெருப்பு நல்லா ஈக்கி, அத வீணாக்காம ஒரு கேத்தல் தேத்தண்ணி வைக்கச் சொல்லுங்க!"

அந்த ஐப்பசியில் லயத்துச் சனம் காய்ந்த தரையில் படுத்துத் தூங்கியது, கணக்கப்பிள்ளை மேசைக்கு மேல் குடையைக் கட்டிக்கொண்டு கணக்கு எழுதினார், நான் மட்டும் அவருடைய குடையில் ஓட்டை விழுந்துவிட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.