அரை விநாடி நிற்காத மவுஸ்

போன வாரம் மூன்றாவது முறையாக ரஹாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து கோலா பிலாவுக்குக் கார் ஓட்டினேன். அதே புகார் — ‘மேப்பில் ஒன்றும் வரவில்லை.’

அங்கே எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்து ஆபீசுக்கு நான் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் அது. திரையில் பிளாக் பிளாக்காகப் பிரித்த தோட்டத்தின் வரைபடம் இருக்கும். ஒரு பிளாக்கின் மேல் மவுஸை அரை விநாடி நிறுத்தினால், அங்கே கடைசியாக மருந்து அடித்த தேதி தெரியும். அதைப் பார்த்துத்தான் காலையில் ஆட்களை அனுப்புவார்கள். மருந்து காயாத இடத்தில் ஆள் இறங்கலாமா?

என் வீட்டில் வேலை செய்தது. மேனேஜர் தொட்டாலும் செய்தது. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஸ்டெல்லா அக்கா தொட்டால் மட்டும் இல்லை. அவர் பழைய ஃபைலைப் புரட்டித் தேதி தேடுவார். ஆட்கள் வெளியே காத்து நிற்பார்கள்.

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் ஒத்துவரவில்லையாம். அடுத்த மாதம் அவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடப் போகிறாராம். எனக்கு இருந்த அலுப்பில்... உண்மையைச் சொல்கிறேன், சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கிளம்பும் முன் ஒப்புக்கு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். மவுஸைப் பிடித்தார். திரையில் அம்புக்குறி நிற்கவே இல்லை. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

“எத்தன நாளாக்கா இப்படி?”

“ஒரு வருஷமாச்சு தம்பி. மேனேஜர்கிட்ட சொல்லிறாத லா. இந்த வயசுல வேற எங்க போயி வேல கேப்பேன்?”

மவுஸ் துளி அசைந்தாலும் என் புரோகிராம் அரை விநாடியை முதலிலிருந்து எண்ணும். அவர் கைக்கு அந்த அரை விநாடி கிடைக்கவே இல்லை. மாற்றி எழுதினேன் — அசைந்தால் பரவாயில்லை, அதே பிளாக்குக்குள் இருந்தால் போதும். நான்கே வரி.

அக்கா மறுபடி மவுஸைப் பிடித்தார்; தேதி வந்தது. அடுத்த பிளாக்கைப் பார்த்தார். அடுத்தது. ஏழெட்டு பிளாக் பார்த்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். பொய் இல்லையே! முகம் சுளித்தார். ஆள் மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. கையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னதற்கு அக்கா, “பாக்கலாம் தம்பி” என்றார்.

இதற்கு முன் எத்தனையோ ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கெல்லாம் யாராவது வாய் திறக்காமலே வேலையை விட்டுப் போனார்களா?

போன் போட்டுக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.