அரைஞாணை அறுக்க விடாத தணிகைவேல்

தேவனேரிக் குப்பத்தில் கட்டுமரம் ஓட்டும் என் தாய்மாமா தணிகைவேலுக்கு இடுப்பில் ஒரு புண் ஆறவேயில்லை. அரைஞாண் கயிற்றில்தான் அவர் கோவணத்தைச் செருகுவார். மீன் கத்தியும் அதில்தான் தொங்கும். உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து, கயிறு கம்பிபோல ஆகிவிடும். முப்பது வருஷமாக அது உராய்ந்த இடம் முதலில் கறுத்தது, பிறகு தடித்தது, பிறகு வெடித்தது. மாமா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுப் பார்த்தார்.

1976 தொடக்கத்தில் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பதினோராவது முடித்துவிட்டுச் சும்மா இருந்ததால் நானும் கூடப் போனேன். புண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோலில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

"மெதுவாகப் பரவுற வகைதான்" என்றார் டாக்டர் ராஜாராம். "சுத்தியிருக்கிற நல்ல தோலையும் சேர்த்து எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லை."

மாமா ஒப்புக்கொண்டு வார்டில் சேர்ந்தார். ஆபரேஷன் அன்று காலை வார்டு ஆள் கத்தரிக்கோலோடு வந்து கயிற்றில் கை வைத்ததும் எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆணின் அரைஞாணை அறுப்பது பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான். கயிறு நைந்துபோனால்கூடப் புதியதைக் கட்டிய பிறகே பழையதைக் கழற்றுவார்கள். மாமா யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மாமாவின் மனைவி பூவாயி அத்தை நிமிர்ந்தாள். "இன்னாய்யா, அதுக்குள்ள வந்துட்ட?"

"அர்ணாக்கவுத்த அறுக்க வந்தான். நான் இன்னும் உசுரோடதான கீறேன்?"

அத்தை கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்கும் அந்தப் பயம்தான்.

ஆறு வாரம் ஓடியது. புண் உள்ளங்கை அகலமானது. தொட்டால் ரத்தம் கசிந்தது, நாற்றமும் வந்தது. கூடக் கடலுக்குப் போகும் பன்னீர்செல்வம் கரையில் எல்லார் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டான். "நாறுறது மீனா, நீயா மச்சான்? ஒண்ணியும் புரியல."

மாமா வலையை உதறிக்கொண்டே இருந்தார். அத்தைதான் அதைக் கேட்டு நின்றுவிட்டாள். மறுநாள் புதுக் கறுப்புக் கயிறு ஒன்றை வாங்கி வந்து, "கெளம்புய்யா" என்றாள்.

டாக்டர் கோபமாக இருந்தார். அத்தை கயிற்றை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"அந்தக் கவுத்த அறுத்தா எனக்குத் தாலி அறுத்த மாதிரிங்க. புதுச கட்டிக்கினு பழச எடுத்துக்குங்க."

"இடுப்புல கயிறு இருந்தா நான் எங்கேம்மா வெட்டறது?"

"அப்ப எங்க கட்டணும்? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் கயிற்றை எடுத்து அவளிடமே நீட்டினார். "மார்ல கட்டு. ஆனா ஆறின பிறகும் இடுப்புக்கு இறக்கக் கூடாது. அந்த உராய்ச்சல்தான் இவ்வளவும் பண்ணியிருக்கு."

அத்தை அதை மாமாவின் அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். பிறகு வார்டு ஆளைப் பார்த்து, "இப்ப அறு" என்றாள். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்த மூன்று மணி நேரமும் வெளியே நின்றோம். தொடைத் தோலை எடுத்து வெட்டிய இடத்தில் ஒட்டினார்கள். வெட்டிய சதை மறுபடி சோதனைக்குப் போனது. ஓரங்களில் நோய் இருந்தால் இன்னொரு தடவை வெட்ட வேண்டும். முடிவு வர ஆன பன்னிரண்டு நாளும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

"ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். ஆறு வாரம் வீணானதால், நோய் தொடை இடுக்கில் நெறிகட்டியாக வரக்கூடும். வாரம் ஒருமுறை தடவிப் பார்க்க அத்தைக்கு விரல் வைத்துக் காட்டினார்.

அவள் தினமும் பார்க்கிறாள். மாமா கடலுக்குக் கிளம்புமுன் படுத்துக்கொள்கிறார்.

"ஒண்ணும் இல்லய்யா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்தப் பக்கம்?"

அவள் மறுபடி விரலை வைக்கிறாள்.