நீலம் என்று நான் சொன்ன ரவிக்கை

நேற்று பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் விளக்குப் பொருத்த ஃபால்ஸ் சீலிங்கில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தூள் தலையெல்லாம் கொட்டியது. புது சாக்பீஸ் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. உங்களுக்குத் தும்மல் வரலாம். எனக்குப் பசிக்கும். தனியாக நான் எடுத்துச் செய்த முதல் வீட்டில், அந்தத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் விஜி மாமி கொடுத்த அடையைத் தின்றேன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி. மாமி வங்கியில் வேலை பார்த்தவர். மகள் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம், அதுவும் வீட்டிலேயே. அதற்குள் வீடு ஜொலிக்கவேண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது. தேனாம்பேட்டையில் வீட்டு உள்ளலங்கார அலுவலகம் ஒன்றில் பிறர் வரைந்ததை நகலெடுத்து அலுத்துப்போய் வேலையை விட்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் அடையாறில் புது ஃப்ளாட் வாங்கியிருந்தார்கள். நிச்சயத்துக்கு வரும்போது என் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால் அந்த வீடும் எனக்கு. பிடிக்காவிட்டால் மறுபடியும் தேனாம்பேட்டைக்கு பஸ்.

வெளிச்சத்தின் மேல் அப்போது எனக்குப் பித்து. இப்போது மட்டும் என்ன வாழ்ந்தது! விளக்கு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம்தான் படவேண்டும். சுவரைப் பார்த்து ஒரு விளக்கைத் திருப்பிவிடுங்கள், சுவர் இரண்டடி தள்ளிப் போய் நிற்கும். கூடத்துத் தஞ்சாவூர்க் கிருஷ்ணன் படத்தின் மேல் ஒரு சின்ன விளக்கைச் சாய்த்து வைத்தபோது தங்க ரேக்கு அப்படியே புடைத்து எழுந்தது. நானே கை தட்டிக்கொண்டேன்.

அந்த வேகத்தில் வீடு முழுக்க மஞ்சள் வெளிச்சம். படுக்கையறை ட்யூப் லைட்டையும் கழற்றச் சொன்னேன். பீரோ பக்கம் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மாமி கெஞ்சிப் பார்த்தார். ட்யூப் லைட் ரேஷன் கடைக்குத்தான் என்று பிரசங்கம் செய்தேன். எலக்ட்ரீஷியன் சலீம், ராயப்பேட்டைக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். ஏணி மேலிருந்தபடியே சொன்னான்: "இன்னா மச்சி, ரூமு பஜ்ஜி கட மாரி கீது. எது இன்னா கலர்னே தெர்ல."

நான் காதில் வாங்கவில்லை. என் அலமாரியில் மொத்தமே நாலு டி-ஷர்ட், நாலும் கறுப்பு. நிறத்தோடு எனக்கு என்ன வம்பு?

நிச்சயத்தன்று காலை ஒன்பதரைக்கே போய் விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மாமி படுக்கையறையிலிருந்து கூப்பிட்டார். கையில் இரண்டு ரவிக்கைகள். கட்டப்போவது அரக்குப் புடவை, கருநீலக் கரை.

"இதுல எதுடா நீலம்? எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு."

என் விளக்குக்குக் கீழே, என் படிப்பையெல்லாம் திரட்டி, ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாமி காபித் தட்டோடு கூடத்து ஜன்னல் ஓரம் வந்தார். பத்து மணி வெயில் அவர் தோளில் விழுந்தது. காயத்ரியின் முகம் மாறியது. அம்மாவின் காதோரம் குனிந்து, "அம்மா, கறுப்பு" என்றாள்.

நிச்சயத்தில் கறுப்பு! மாமி தட்டை வைத்துவிட்டு முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே போய் மாற்றலாம் என்றால் அந்த அறையில்தான் மாப்பிள்ளை வீட்டார் தூக்கிவந்த கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம். வியர்வை நெற்றியிலிருந்து வழிகிறது. அடையாறு வீடு என் கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார், "குளிர்றதா?"

மாமியால் அதற்குமேல் முடியவில்லை. சிரித்துவிட்டார். முந்தானையை விலக்கிக் காட்டி, என்னையும் காட்டிக்கொடுத்தார். அந்த அம்மாள் எழுந்து நேரே படுக்கையறைக்குப் போனார். நிறம் பார்த்து எடுப்பதில் கெட்டிக்காரர் என்று அவர்கள் வீட்டில் பேர் அவருக்கு. கட்டிலில் கிடந்த இன்னொரு ரவிக்கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுவும் கறுப்புதானே?"

கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலில் பிடித்தோம். நல்ல கருநீலம். வீடே சிரித்தது. குழந்தை எழுந்து அழுதது. போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார்: "அந்தக் கிருஷ்ணன் லைட் ரொம்ப அழகு. எங்காத்துக்கு வா. ட்யூப் லைட்டை மட்டும் தொடாதே."

அன்று மாலையே சலீமை வைத்துப் பீரோவுக்கு மேல் ஒரு வெள்ளை விளக்கு மாட்டினேன். அவன் விசிலடித்துக்கொண்டே மாட்டினான். அதுதான் அதிகம் வலித்தது.

போன மாதம் மாமி மறுபடி கூப்பிட்டார். பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்பிவிட்டார்கள். கூடத்து ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் சுவர். காலையில் விளக்குப் போட்டால்தான் பேப்பர் படிக்க முடிகிறது என்றார். மஞ்சள், வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் என்று ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினேன். மாமி ஜன்னலோரமே நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என் பையில் எல்லா நிறத்திலும் விளக்கு இருந்தது. பத்து மணி வெயில்தான் இல்லை.