கண்ணாடி அலமாரிக்குள் இருந்த கேமரா

ஆந்திரா தனி மாநிலமான புதிதில், நகரியிலிருந்து தனியாகத் திருப்பதிக்குப் போனேன். அங்கே ஒரு ஓவியக் கல்லூரியில் சினிமாவும் போட்டோவும் சொல்லித் தருவதாகப் பேப்பரில் பார்த்திருந்தேன். கேமராமேன் ஆவது என் ஆசை. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை, கூட வரவும் ஆளில்லை.

கல்லூரி குமாஸ்தா கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பெரிய கேமராவைக் காட்டி, தெலுங்கில் வேகமாக விளக்கினார். என் தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பாரோ என்று கூச்சப்பட்டு, எதுவும் கேட்காமல் தலையாட்டினேன். சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துச் சேர வேண்டியதுதான் பாக்கி.

பிரின்சிபால் சாப்பிட்டு வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்து ஒரு மாணவன் பக்கத்தில் வந்தான்.

"சோறு துன்னியா?"

காலையிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கண் கலங்கிவிட்டது. அவன் சத்தியவேட்டுக்காரன், மூன்றாம் வருடம் படிப்பவன்.

"அந்தக் கேமராவுல நீ என்ன எடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

"தொட்டதே இல்லப்பா. அது ரிப்பேராயி கெடக்குது. ரெண்டு வருசமா புஸ்தகத்தப் பாத்து எழுதிக்கினு கீறோம்."

"அப்ப நீ ஏன் போவல?"

"புள்ள கேமராமேன் ஆவப் போறான்னு நைனா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நீ போயிடு."

அப்படியே எழுந்து வந்து ரயிலேறினேன். பிறகு ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து தொழில் கற்றேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது அன்று ரயில் ரேணிகுண்டா தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இன்று யாருக்காகக் கல்லூரி பார்க்கப் போனாலும், முதலில் அங்கே படிக்கிறவர்களோடு உட்கார்ந்து, தெரிந்த பாஷையில் கூசாமல் விசாரிக்கிறேன். அதற்கும் முன்னால் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன்.